மனுவில் செத்தவர் ஆஜர்

என் வாழ்நாளில் நான் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மாமியார்கள் நிறையப் பேர். அண்ணன்மார் கொஞ்சம். உழவு மாடு, கறவை மாடு, வெள்ளாடு என்று கால்நடை வகையில் ஒரு பட்டியே அழிந்திருக்கும். எல்லாம் பேனாவால்தான். போலீஸ் ஒரு நாளும் என்னைத் தேடி வந்ததில்லை.

எழுபதுகளில் எங்கள் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலே சொன்னால் சொந்தக்காரர்கள் சங்கடப்படுவார்கள்.

மனுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதினால் அது மனு இல்லை, வெறும் தகவல். நாலு கிணறும் திராட்சைத் தோட்டமும் வைத்திருக்கிற ஆசாமிகூட மனுவில் 'அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழியற்ற ஏழை'தான். அதன் கீழே தங்க மோதிரம் மின்ன அவரே கையெழுத்துப் போடுவார். யாரும் ஏமாறுவதில்லை. ஆபீசில் இருப்பவர்கள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் படிப்பார்கள். அவர்கள் கழிப்பார்கள் என்று தெரிந்து நாங்கள் கூட்டி எழுதுவோம். முதல் பத்திக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்பதால், சாவு ஏதாவது இருந்தால் முதல் பத்தியிலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். என் விதவை மனுவைப் படித்து ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு அன்று கண்வலி என்று டீக்கடைக்காரர் சொல்வது பொறாமை.

அந்த வருடங்களில் சிலோனிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் நம் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். தேயிலை மலையில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களைக் கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, "உங்கள் ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தா எப்போதோ சொன்ன ஊர்ப் பேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு குடும்பங்கள் எங்கள் ஊர் மலையடிவாரத்துக்கு வந்து குடிசை போட்டன. தாத்தா சொன்ன ஊர் இருந்தது. தாத்தாவைத் தெரிந்தவர்கள்தான் யாரும் இல்லை.

டீக்கடைக்காரருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை.

"ரேசன்ல அரிசி நமக்கே எட்டலண்ணே. இதுல சிலோன்காரவுகளும் வரிசையில வந்து நிக்கிறாக. இவுகள யாரு கூப்புட்டது?" என்பார்.

"ஒங்க மச்சினன் எங்கன வேல பாக்குறான்?" என்று கேட்டேன்.

"கேரளாவுல. ஏலத் தோட்டத்துல."

"அங்கன மலையாளத்தான் அவன என்னான்னு கூப்புடுறான்?"

கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். "பாண்டிங்கிறான்."

"அவன யாரு கூப்புட்டது?"

"அது வேற, இது வேற" என்றார். எது வேறு என்று கேட்டால் கடன் டீ நின்றுவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு தலைவர் புறப்பட்டுவிட்டார். இந்தப் பன்னிரண்டு குடும்பங்களின் உரிமைக்காக வாதாடுவது என்று முடிவு செய்தேன். முதல் வேலையாகக் கம்பத்துக்குப் போய், 'தாயகம் திரும்பியோர் உரிமைச் சங்கம், தலைவர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு வந்தேன். அந்தப் பன்னிரண்டு குடும்பத்தாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆகவே சங்கத்தில் தலைவர் இருந்தார், ஸ்டாம்பு இருந்தது, உறுப்பினர்தான் இல்லை.

இந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். கையில் மஞ்சள் பையில் பாஸ்போர்ட்.

"ரேசன் கார்டுக்கு எழுதணுமுங்க, தொரை."

என் வாழ்க்கையில் என்னைத் துரை என்று கூப்பிட்ட முதல் ஆள். அங்கே தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் எல்லாருமே துரைதான் என்பது பிறகுதான் தெரியும். அந்த ஒரு சொல்லுக்கே காசு வாங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

"வீட்டுக்காரரு?"

"ஜீப்புல மலைக்குப் போயிருக்காருங்க. ஏலத் தோட்டத்து வேலை. சனிக்கிழமைதான் எறங்குவாரு."

எழுத ஆரம்பித்தேன். 'என் கணவர் கூலி வேலை செய்கிறார்' என்று ஒரு வரி வந்தது. பார்த்தேன். மனு அங்கேயே படுத்துவிட்டது. திடகாத்திரமான ஒரு கணவர் முதல் பத்தியில் வந்து நின்றால் எந்த ஆபீசர் மனம் இளகும்? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'கடல் கடந்து வந்த இடத்தில் கணவனையும் பறிகொடுத்து, இரு பச்சிளம் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்கும் அபலை' என்று தொடங்கினேன். பேனா தானாக ஓடியது.

வாசித்துக் காட்டினேன். அவள் முழித்தாள்.

"அவரு இருக்காருங்களே, தொரை."

"அது எனக்குத் தெரியும் தாயி. இது மனு பாஷை. இங்கன எல்லாரும் இப்பிடித்தான் எழுதுவாக. ஆபீஸ்ல பாதியக் கழிச்சிட்டுத்தான் படிப்பாக."

"பாதியக் கழிச்சாலும் பாதிதானுங்களே இருப்பாரு" என்றாள். இருந்தாலும் பெரிய மனிதர் சொல்கிறார் என்று கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்தவள்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. ரேசன் பிரிவுக்கு அந்த வாரம்தான் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஒரு குமாஸ்தா மாற்றலாகி வந்திருந்தார். அவர் மனுவை முதலிலிருந்து கடைசி வரை படிப்பவர். படித்ததை நம்புபவர். அப்படி ஒரு பிறவி அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாதம் முடிவதற்குள் கார்டு வந்துவிட்டது. மூன்று பேருக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளத்தாக்கிலேயே இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் கார்டு வந்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். அவளிடம், "மூணு பேருக்கு அரிசிய வாங்கிக்கிட்டே இரு தாயி. அவரு பேரப் பின்னால சேத்துக்கிருவோம்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கணவர் வந்தார். நெட்டையான ஆள். தோளில் மடித்துப் போட்ட கறுப்புக் கம்பளி. ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனவர், போன வேகத்தில் கார்டோடு திரும்பி வந்திருக்கிறார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"இதுல என் பேரு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, தொரை."

விளக்கம் சொன்னேன். மனு பாஷை, கழித்துப் படிப்பது, முதல் பத்தியின் முக்கியத்துவம் எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எங்க அப்பாவும் அங்கதான் பொறந்தாரு, நானும் அங்கதான் பொறந்தேன். ஆனா 'ஒங்களுக்கு இங்க நாடு இல்லே'ன்னுட்டாங்க. கண்டியில ஆபீசு வாசல்ல வருசக்கணக்கா நின்னு இந்தப் பாஸ்போட்டு வாங்கினோம். நாலு பேராக் கப்பலேறினோம், நாலு பேரா எறங்கினோம். எம் பேரு மொத மொதலா ஒரு நாட்டுக் கடுதாசியில ஏறி ஆறு மாசந்தானுங்க ஆகுது. அதுக்குள்ள எறக்கிட்டீங்களே."

கார்டை என் மேசையில் வைத்தார். "நாலு பேரு இல்லாத கார்டு எங்களுக்கு வேணாமுங்க."

"அரிசி வேணாமாய்யா?"

"வேணுமுங்க. நாலு பேருக்கும் வேணும்."

டீக்கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒரு டீயைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். இரக்கம்தான் என்று நினைக்கிறேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதையாக, "இது இலையில போட்டது இல்லீங்க. பேக்டரியில கடைசியாக் கூட்டி அள்ளுவோம், அந்தத் தூசு" என்றார்.

டீக்கடைக்காரர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. இருபது வருடமாக அவர் டீயைக் குடித்து உயிரோடிருக்கும் எங்களுக்குத்தான் அது சமாதானமாக இருந்தது.

திங்கட்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு குமாஸ்தாவிடம் போனேன். புருஷன் படம், பெண்டாட்டி படம், பிள்ளைகள் பேர், எல்லாம் சீலோடு இருந்தது.

குமாஸ்தா பொறுமையாகப் பார்த்தார். "இது ஆறு மாசத்துக்கு முந்தினது. உங்க மனு போன மாசத்தது. எது பிந்தினது?"

"மனு சார்."

"அப்ப ஆறு மாசத்துக்கு முன்னால உயிரோட இருந்திருக்காரு. போன மாசம் இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணாவே இல்லியே?"

எனக்கே ஒரு நிமிஷம் அந்தக் கணவரை நினைத்துத் துக்கமாகிவிட்டது.

"ஆளையே கூட்டிட்டு வரட்டுமா சார்?"

"வந்திருக்கறது அவர்தான்னு யாரு சொல்றது? கிராம முனிசீப்புகிட்ட உயிரோட இருக்கறதுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

முனிசீப்பிடம் போனேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எங்க கிராமத்துல இருக்கற ஆளு உயிரோட இருக்காருன்னு எழுதலாம். அவரு எங்க கிராமத்துல இருக்காருன்னு நான் எத வச்சு எழுதுறது? ரேசன் கார்டு இருக்கா?" என்றார்.

இதற்குமேல் சாதாரண மனிதன் என்றால் விட்டிருப்பான். நான் சங்கத் தலைவர். இன்னொரு மனு எழுதினேன், நாலு பக்கம். அந்தக் கணவர் உயிரோடிருப்பதைத் தகுந்த உணர்ச்சியோடு வருணித்து, ஸ்டாம்பை ஓங்கிக் குத்திக் கொடுத்தேன். மனைவி கையெழுத்துப் போட்டால் முன்னுக்குப்பின் பொய் சொன்னதாக ஆகும் என்றார் குமாஸ்தா. கணவர் போட்டால்? இறந்தவர் மனுக் கொடுக்க விதியில்லை என்றார். ஸ்டாம்பைப் பார்த்து மட்டும், "உங்க சங்கத்துல எத்தனை பேரு?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, மேல்முறையீட்டு மனு எழுதட்டுமா என்று கேட்டேன். அவசரமாக, "இனி நீங்க எழுத வேணாமுங்க" என்றார். அவர் கண்ணில் தெரிந்த பயத்தை நான் மறக்கவில்லை. அடுத்த மனுவில் யாரைக் கொல்வேனோ என்று நினைத்திருப்பார். பிள்ளைகள் இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள்.

"பின்ன என்ன செய்யப் போறீக?"

"பெரட்டுக்கு நிக்கப் போறேனுங்க."

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்கள் எல்லாரும் ஒரு களத்தில் வந்து வரிசையாக நிற்பார்களாம். அதற்குப் பெரட்டு என்று பேர். கங்காணி பேர் கூப்பிடுவார். 'வந்திருக்கேன்' என்று பதில் சொன்னால் செக்ரோல் புத்தகத்தில் பேர் விழும். வராதவனுக்கு விழாது. வந்து நின்றவனை இல்லை என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லையாம்.

"இது தோட்டமில்லய்யா, சர்க்கார் ஆபீசு" என்று சிரித்தேன்.

"ஆளு முன்னால வந்து நின்னா யாருக்கும் கண்ணு தெரியுமுங்களே" என்றார்.

திங்கட்கிழமை நான் கடைக்கு வந்தபோது அவர் தாலுகா ஆபீஸ் முற்றத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கம்பளி தோளில். கை இரண்டும் பக்கவாட்டில். ஆறு மணிக்கே வந்துவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். சாயங்காலம் ஆபீஸ் பூட்டும் வரை நின்றார். மறுநாளும் நின்றார். மலை வேலை போனது, கூலி போனது. அவர் மனைவி திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள். நாலு பேர் கஞ்சிக்கு அதுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் நான் சும்மா இருப்பதில்லை, யோசனை சொல்வேன். "ஒரு அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிக்கிறீகளா? நான் எழுதித் தாரேன்" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

நாலாம் நாள் தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கும்போது இவரைப் பார்த்து, புது வாட்ச்மேன் என்று நினைத்து, சாப்பாட்டுக் கேரியரைக் கையில் கொடுத்துவிட்டார். இவர் அதை வாங்கிக்கொண்டுபோய் ரூமில் வைத்துவிட்டு, திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டார். அதற்கப்புறம் தினமும் அவர் வேலைதான் அது. அரசாங்கப் பதிவின்படி காலமான ஒருவர் சாம்பாரும் ரசமும் சிந்தாமல் கொண்டுபோவதைக் குமாஸ்தா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

டீக்கடைக்காரருக்கும் பார்வை மாறியிருந்தது. அரிசிப் பேச்சையே விட்டுவிட்டார். காலையில் ஒரு டீயைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதுவும் கம்பத்திலிருந்து வாங்கி வந்த புதுத் தூளில். அவர் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். டீக்கடைக்காரர் அடுத்த நாள் வேறு தூள் போடுவார். எங்கள் எல்லாருக்கும் அந்த வாரம் வாய்க்கு நல்ல டீ கிடைத்தது.

ஒன்பதாம் நாள் காலையில் மழை. மேற்கு மலையைத் தாண்டி வருகிற, காற்றோடு சாய்த்து அடிக்கிற மழை. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள். அவர் கம்பளியைத் தலையோடு முக்காடாக, கொங்காணி போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். தாசில்தார் ஜீப் வந்தது. அவர் தலையை நீட்டி, "யோவ் வாட்ச்மேன், உள்ள போய்யா. நனைஞ்சு செத்துத் தொலைக்காத" என்றார்.

"அது போன மாசமே ஆயிருச்சுங்க, தொரை."

தாசில்தார் இறங்கவில்லை. "என்னது?"

"ஆபீசுல அப்பிடித்தான் எழுதியிருக்காங்க. நான் வந்திருக்கேனுங்க. ஒன்பது நாளா வந்திருக்கேன்."

அப்புறம் உள்ளே நடந்ததை நான் வராந்தா ஜன்னலில் காது வைத்துக் கேட்டேன். குமாஸ்தாவைக் கூப்பிட்டு இவர் யார் என்று கேட்டார் தாசில்தார்.

"இவர் காலமாயிட்டார் சார். பைல்ல இருக்கு."

"அப்ப தெனமும் என் கேரியரத் தூக்கிட்டு வந்தது யாரு?"

குமாஸ்தா பைலை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார். "அது பைல்ல இல்ல சார்."

பைல் மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இந்த மனுவ எழுதின மகானுபாவன் யாரு?" என்று ரோடு வரைக்கும் கேட்கிற குரல் வந்தது. ஜன்னலிலிருந்து நான் நகர்வதற்குள் டீக்கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "அந்தா அங்கனதான் நிக்கிறாக சார்" என்று கையைக் காட்டிவிட்டார்.

தாசில்தார் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். உத்தியோகம் இல்லாதவனை எதிலிருந்து நீக்குவார்கள் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டே எழுதினேன். முதல் வரியை முடிப்பதற்குள் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏழு பிள்ளைகளைப் பெற்றுப் பட்டினியில் வாடும் அடியேனா? உமக்கு எத்தனை பிள்ளை?"

"ஒண்ணு, சார்."

"அடியும்."

அடித்தேன். 'பட்டினி'யையும் அடிக்கச் சொன்னார். என் தொப்பை மேசையில் இடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. அவர் உயிரோடிருக்கிறார். இறந்ததாக எழுதியது நான். அந்தப் பெண் அப்போதே வேண்டாம் என்றாள். என் தொழிலில் நான் எழுதியதிலேயே சின்ன மனு அதுதான். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி வேண்டும் என்றார் குமாஸ்தா. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"இவர் உயிரோடதான் இருக்காரா?"

"இருக்காரு சார். தெனமும் என் டீயக் கொற சொல்றாரு. செத்தவுக யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல."

"உங்க ஊர்லதான் இருக்காரா?"

டீக்கடைக்காரர் ஒரு நொடி தயங்கினார். பிறகு, "எங்க ஊர்க்காரருதான் சார்" என்று சொல்லி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா பைலில் எழுதினார்: 'மேற்படி நபர் நேரில் ஆஜரானதாலும், சாட்சியின் வாக்குமூலத்தாலும், அவர் உயிருடன் இருப்பதாகக் கருதலாம்.' அதை நான் வாசித்துக் காட்டியபோது அந்தக் கணவர், "கருதலாமுன்னா என்னங்க?" என்று கேட்டார். அரசாங்கம் அதற்குமேல் யாரைப் பற்றியும் சொல்லாது என்றேன்.

நாலு பேர் உள்ள கார்டு மறுவாரம் வந்தது. மனைவி, பிள்ளைகளோடு மேசைக்கு வந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தன் பேர் வந்ததும் அவரை அறியாமல் கால் இரண்டும் சேர்ந்துகொண்டன. "வந்திருக்கேனுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடை அடுப்பில் அன்று புகை அதிகம் என்பதால் எனக்கும் கண் கரித்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தாலுகா ஆபீஸ் முற்றத்தில் மற்ற பதினோரு குடும்பங்களும் வரிசையாக நின்றன. கம்பளி போட்டவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், கோலூன்றிய கிழவர் ஒருவர். முன்னால் அந்தக் கணவர் நின்றார். ஜீப்பிலிருந்து இறங்கிய தாசில்தார் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு வேலை?"

அவரைக் கைகாட்டியிருக்க வேண்டும். ஆனால் பையில் ஸ்டாம்பு கனத்தது. "சங்கம் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வரிசைக்கு முன்னால் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"அப்ப சங்கமே பேர் கூப்பிடட்டும்" என்று தாசில்தார் உள்ளே போய்விட்டார்.

நான் பேர் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் "வந்திருக்கேன்" என்றார்கள். சொன்னவரை மட்டும், சொன்னபடி எழுதினேன். சாயங்காலம் வரை ஆனது. அன்று நான் எழுதிய பதினோரு மனுவிலும் ஒரு வெள்ளாடுகூடச் சாகவில்லை.